பஞ்சு பங்களாவின் முன்வாசல்

ஆகஸ்ட் 12, திங்கள்

ஷெர்லின் இந்த டைரியைக் கையில் கொடுத்து, தளம் போடுகிற வேலையில் எனக்கு ஞாபகம் இருப்பதையும் தினம் நடக்கிறதையும் எழுதி வைக்கச் சொன்னாள். நான் மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. எமிலி டீச்சர் என் சிலேட்டை உடைத்த அன்றோடு நின்றுவிட்டேன். டீச்சர் போய்ச் சேர்ந்து முப்பது வருஷம் ஆகிறது. சாவுக்குத் துட்டி கேட்க நான் போகவில்லை.

எழுத்தில் பிழை இருந்தால் ஷெர்லின் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இருக்காது. இந்த ஞானப்பூவுக்கு எதுவும் மறக்காது.

ஷெர்லின் என் மகன் பெற்ற பிள்ளை. இன்ஜினியர். பழைய கட்டடத்தைப் பழைய மாதிரியே சரிபண்ணுவதற்கென்று தனியாக ஒரு படிப்பும் படித்திருக்கிறாள். அவளுக்குச் சொந்தமாகக் கிடைத்த முதல் வேலை பஞ்சு பங்களா. தூத்துக்குடியிலிருந்து கப்பலில் பஞ்சு அனுப்பின குடும்பம் கட்டின வீடு அது. முப்பது வருஷமாக வௌவால் குடியிருந்தது. இப்போது ஒரு டிரஸ்ட் வாங்கி, நர்சிங் படிக்கிற பெண்பிள்ளைகளுக்கு விடுதி ஆக்கப் போகிறது. நவம்பர் ஒன்றாம் தேதி முப்பத்தாறு பிள்ளைகள் பெட்டியோடு வந்து இறங்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் மாடியில் சுண்ணாம்புத் தளம் தட்டி இறுக்கியாக வேண்டும். ஒரு சொட்டு ஒழுகினாலும் எல்லாவற்றையும் வழித்தெறிந்துவிட்டு கான்கிரீட் ஊற்றுவோம் என்று டிரஸ்ட்காரர்கள் சொல்லிவிட்டார்கள். முதல் வேலையிலேயே ஷெர்லின் பெயர் கெட்டால் இரண்டாவது வேலை எங்கிருந்து வரும்.

முன்வாசலைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறது. மேலே அரசமரம் வேர் விட்டு வளைவு பிளந்து கிடப்பதால் அதைக் கடைசியில்தான் திறப்பார்களாம். எல்லாரும் அடுக்களை வாசல் வழியாகத்தான் போய் வருகிறார்கள். நான் போக மாட்டேன். வெளியே மூங்கில் சாரம் கட்டியிருக்கிறது. அதில் ஏறி மாடிக்குப் போனேன். எழுபது வயசு. இசக்கி மேஸ்திரி கீழே நின்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டே நின்றான், பலாப்பழம் விழுந்தால் பிடிக்கப் போகிறவன் மாதிரி.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

முட்டி வலி இல்லை. இருந்தாலும் இல்லை.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். வேலை லீவு. ஏன் ஆச்சி அடுக்களை வாசல் வழியாக வர மாட்டேன் என்கிறாய் என்று ஷெர்லின் கேட்டாள். அவளிடம் சொன்னதையே எழுதுகிறேன்.

எழுபத்தொன்றாம் வருஷம் இதே மாடியில் தளம் பழுதாகி மறுதளம் போட்டார்கள். எனக்குப் பதினேழு வயசு. இருபத்திரண்டு பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து கட்டையால் தட்டுவோம், தாளம் தவறாமல் இருக்கப் பாடிக்கொண்டே. நான் முன்பாட்டு. எனக்குப் பின்பாட்டு சந்தனமாரி. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிடுவோம்.

தளம் தட்டுகிறவர்கள் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. சாரத்தில் ஏறிப் போய் சாரத்தில் இறங்க வேண்டும். அதுதான் அந்த வீட்டுச் சட்டம். ஒருநாள் சாயங்காலம் கொட்டுகிற மழை. இடி. நான் பயந்து உள்படி வழியாக இறங்கி ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றேன். அவ்வளவுதான் செய்தேன். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் பங்களா அம்மா வந்து நிற்கிறார்கள், பக்கத்தில் சந்தனமாரி. பச்சை ரவிக்கை. காதில் ஒரு கம்மல் மட்டும், மற்றதை ஏப்ரலில் தொலைத்திருந்தாள். அவள் காட்டிக் கொடுக்காமல் அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்.

என் கையைப் பிடித்து அடுக்களை வாசல் வழியாக வெளியே விட்டுவிட்டார்கள். அன்றைக்கே சொன்னேன், இந்த வீட்டுக்குள் இனிமேல் வந்தால் முன்வாசல் வழியாகத்தான் வருவேன் என்று. சந்தனமாரியோடு அன்றிலிருந்து பேச்சு இல்லை. அவள் கல்யாணத்துக்குப் போகவில்லை. என் கல்யாணத்துக்கு அவள் வந்தாள். பந்தியில் நான் அவள் பக்கம் திரும்பவில்லை.

ஷெர்லின் எல்லாம் கேட்டுவிட்டு, மழை பெய்யும்போது தளம் தட்ட மாட்டார்களே ஆச்சி என்றாள். படித்தவர்களுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூலையில் ஒரு கட்டம் மாதிரிக்குப் போட்டுப் பார்த்தோம். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீர் இரண்டு டிரம். பன்னிரண்டு பெண்கள். எல்லாம் கான்கிரீட் வேலைக்குப் போய்ப் பழகின பிள்ளைகள், தளம் தட்டினதில்லை. ஆளுக்கொரு வேகம். ஒருத்தி கோழி கொத்துகிற மாதிரி, ஒருத்தி துணி துவைக்கிற மாதிரி.

தாளம் வரட்டும் என்று இசக்கி போனில் சினிமாப் பாட்டு வைத்தான். நடுவில் அவன் பெண்டாட்டி போன் செய்தாள். பாட்டு நின்று, கேஸ் சிலிண்டர் வந்துவிட்டதா என்ற குரல் ஸ்பீக்கரில் மாடி முழுக்கக் கேட்டது. பன்னிரண்டு கட்டையும் அந்தரத்தில் நின்றது. சாயங்காலம் பார்த்தால் தளம் அலையடித்துக் கிடக்கிறது, கடலைத் தூக்கி வந்து மாடியில் காயப்போட்ட மாதிரி.

இசக்கி தலையைச் சொறிந்துகொண்டு, சந்தனமாரிப் பெரியம்மையைக் கூப்பிட்டால் என்ன என்றான். அவள் செத்துப் போய்விட்டாள் என்று சொன்னேன். நேற்றுத்தான் அவளிடம் இடியாப்பம் வாங்கினேன் என்கிறான்.

ஆகஸ்ட் 21, புதன்

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நானே எடுத்து நானே பாடுவேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

நானே எடுத்து நானே பாடினேன். நன்றாகத்தான் பாடினேன். ஆனால் பாட்டு ஓடுகிறது. நான் எடுக்க எடுக்கக் கட்டை வேகமாகிறது, கட்டை வேகமாக நான் இன்னும் வேகமாக எடுக்கிறேன். பதினோரு மணிக்குள் எல்லாருக்கும் தோள்பட்டை கழன்றுவிட்டது. இரண்டு பேர் நாளைக்கு வர மாட்டோம் என்று போய்விட்டார்கள்.

முன்பாட்டுக்காரி ஓடத்தான் செய்வாள். பின்பாட்டுக்காரிதான் இழுத்துப் பிடிக்க வேண்டும். முன்னால் நான் எவ்வளவு ஓடினாலும் சந்தனமாரி அவள் அடியை அவள் கணக்கில்தான் பாடுவாள். இருபத்திரண்டு கட்டையும் அவள் பேச்சைத்தான் கேட்கும். இது தளம் பற்றிய விஷயம் என்பதால் எழுதுகிறேன். அவளைப் புகழ்வதற்காக இல்லை.

மத்தியானம் ஷெர்லினைக் காணோம். கடுக்காய் டிரம்முக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கண்ணில் சுண்ணாம்புத் தூசி விழுந்துவிட்டது என்றாள். அவள் தாத்தாவும் இப்படித்தான், அழுதால் வெங்காயம் என்பார்.

இசக்கியைக் கூப்பிட்டு, போய் அந்த இடியாப்பக்காரியைக் கூட்டி வா என்றேன்.

ஆகஸ்ட் 28, புதன்

வந்துவிட்டாள்.

எனக்கு முன்னால் மாடியில் நிற்க விடக்கூடாது என்று காலையிலேயே வந்து சாரத்தில் ஏறினேன். பாதி ஏறுகையில் கீழே ஆட்டோ வந்து நின்றது. அவள் இறங்கி, அண்ணாந்து என்னைப் பார்த்துவிட்டு, நேராக அடுக்களை வாசலுக்குள் போய்விட்டாள். வெட்கமே இல்லாமல். நான் மாடியில் கால் வைக்கும்போது அவள் உள்படி வழியாக வந்து, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆள் உருண்டையாகிவிட்டாள். பல் எல்லாம் இருக்கிறது. எனக்குக் கீழே நாலு இல்லை. கண்ணில் மட்டும் ஒரு சிவப்பு, உப்பளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இருக்குமே, அது.

நாங்கள் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. கட்டையை இன்னும் மேலே பிடிக்கச் சொல்லு என்று நான் இசக்கியிடம் சொல்வேன். அவ பிடிச்ச லட்சணத்தத்தான் பாத்தோமே, மூலையில அலையடிக்குன்னு சொல்லு என்று அவள் இசக்கியிடம் சொல்வாள். நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி அவனுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் தைலம் போட்டுக்கொண்டு போனான்.

செப்டம்பர் 2, திங்கள்

முழுத்தளத்துக்கும் கலவை ஏற்றித் தட்ட ஆரம்பித்தாயிற்று. தொடங்கினால் பத்து நாள் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் பொருபொருவென்று பூத்துப்போகும். அந்தப் பிளவில்தான் மழைத் தண்ணீர் இறங்கும். பெண்கள் பதினாறு. போனவர்கள் திரும்ப வந்துவிட்டார்கள், புதுசாக நாலு பேரும் சேர்ந்திருக்கிறார்கள்.

நான் எடுத்தேன்:

மேல தட்டு கீழ தட்டு
மேஸ்திரிக்கு வயித்துல தட்டு

அவள் ஏலோ ஏலோ ஏலேலோ தட்டு என்று வாங்கினாள். வாங்கினதுதான் தெரியும், பதினாறு கட்டையும் ஒரே கட்டையாக விழுந்தது. காலுக்கடியில் வீடே ஒருதரம் குலுங்கி அடங்கியது. எனக்குக் கழுத்துமுடி சிலிர்த்துவிட்டது. காற்றாக இருக்கும், கடற்காற்று.

செப்டம்பர் 4, புதன்

பாட்டில் எதையும் பாடலாம், கோபப்படக் கூடாது. தளத்துச் சட்டம் அது. முதலாளியையே பாடுவோம். அதனால் நான் இன்றைக்குப் பாடிவிட்டேன்:

பின்வாசல் வழியா வந்தவளே
பித்தளைத் தூக்கு கொண்டாந்தவளே

அவள் வெற்றிலையை ஓரம் ஒதுக்கிக்கொண்டு, அசையாமல்:

சாரத்துல ஏறி வந்தவளே
சறுக்கி விழுந்தா யார் பொறுப்பு

பெண்கள் சிரித்த சிரிப்பிலும் ஒரு அடி தவறவில்லை. கீழே ஸ்கூல் வேன் நின்று பிள்ளைகள் தலையை நீட்டிப் பார்க்கிறார்கள். எதிர்வீட்டு மொட்டை மாடியில் ஒரு தாத்தா நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் விடவில்லை:

காட்டிக் கொடுத்த கையாலே
கட்டை பிடிச்சா ஒட்டாது

அதற்கு அவள் பாடினது:

காட்டிக் கொடுத்தது கையில்லட்டி
காலுக்குத் தெரியும் கேளுட்டி

அர்த்தம் இல்லாமல் எதுகைக்குப் பாடுகிறாள். முன்னாலும் அப்படித்தான்.

கருப்பட்டி அரைக்கிலோ குறைகிறது. எறும்பு தூக்கிவிட்டது என்கிறாள் சந்தனமாரி, இசக்கியிடம். எறும்பு வாய் கறுத்திருக்கிறது என்று சொல்லச் சொன்னேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

கடுக்காய்த் தண்ணீர் மூன்று டிரம். வானம் சுத்தம்.

சந்தனமாரி புதுசாக ஒன்று பாடினாள்:

மேகமில்லாச் சித்திரையில்
மழைக்கு ஒதுங்கினது யாருட்டி

எனக்கு அடுத்த அடி வரவில்லை. முதல் தடவையாக. பெண்கள் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். இருமல் வந்த மாதிரி இருமிவிட்டேன்.

எழுபத்தொன்றில் தளம் போட்டது சித்திரையில்தான். கொட்டுகிற மழை என்று எழுதிவிட்டேன் போலிருக்கிறது. தூறல். தூறலாகத்தான் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 7, சனி

தூறலும் இல்லை. நல்ல வெயில்.

இந்தத் தாளை ஷெர்லினிடம் கொடுக்குமுன் கிழித்துவிட வேண்டும்.

கூடத்தில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று சுவரோடு சுவராகப் பதித்திருந்தது. சீமையிலிருந்து கப்பலில் வந்தது. மேலே தளத்தில் வெளிச்சத்துக்காக விட்ட ஓட்டை வழியாகப் பார்த்தால் அதன் ஒரு ஓரம் மின்னும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். எங்கள் வீட்டில் இருந்த கண்ணாடி உள்ளங்கை அகலம். ஒரு கண் தெரிந்தால் மறு கண் தெரியாது. நான் முழுசாக எப்படி இருக்கிறேன் என்று எனக்குத் தெரியாது. வருகிறவர் பார்க்கிறதற்கு முன்னால் நான் ஒருதரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கினேன். எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம்.

பார்த்தேன். தலையிலிருந்து கால் வரைக்கும். சுண்ணாம்பு பூசின பொம்மை மாதிரி இருந்தேன். நன்றாகத்தான் இருந்தேன்.

அதற்காக அவள் காட்டிக் கொடுத்தது சரி ஆகிவிடாது.

செப்டம்பர் 9, திங்கள்

கூடத்துச் சிவப்புத் தரையை நாலு நாளாகத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கியிருக்கிறார்கள். யாரும் கால் வைக்கக் கூடாது என்று ஷெர்லின் கயிறு கட்டிவிட்டாள். அந்தக் கண்ணாடி இன்னும் இருக்கிறதாம். எடுத்தால் உடைந்துவிடும் என்று சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறார்களாம்.

மத்தியானம் எல்லாரும் சாப்பாட்டுக்கு இறங்கிப் போனார்கள். நான் யோசித்துப் பார்த்தேன். அடுக்களை வாசல் வழியாக வர மாட்டேன் என்றுதான் சொன்னேன். உள்படி வாசல் இல்லையே. படிதானே. இறங்கினேன்.

கயிற்றைத் தாண்டிப் போய் சாக்கை விலக்கினேன். கிழவி ஒருத்தி சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கீழே நாலு பல் இல்லை. சுண்ணாம்பு பூசியிருக்கிறது. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தோம். திரும்ப மாடிக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன், ஒன்றும் தெரியாத மாதிரி.

மூன்று மணிக்குக் கீழே ஷெர்லின் கூச்சல். மாடியில் நின்ற நாங்கள் எல்லாரும் உள்படி வரைக்கும் போய் எட்டிப் பார்த்தோம். சிவப்புத் தரையில் படியிலிருந்து கண்ணாடிக்கும், கண்ணாடியிலிருந்து படிக்கும் வெள்ளைக் கால் தடம். ஒவ்வொன்றும் அச்சுப் போட்ட மாதிரி. குதிகாலும் விரலும்தான் பதிந்திருக்கிறது, நடுவில் வெட்டி எடுத்த மாதிரி ஒன்றும் இல்லை. இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. யார் கால் இது என்று ஷெர்லின் கேட்கிறாள். பதினாறு பெண்களும் தங்கள் தங்கள் காலைப் பார்க்கிறார்கள். நான் சேலையை இறக்கி விட்டுக்கொண்டேன்.

சந்தனமாரி நேராகப் படியிறங்கினாள். ஈரத்துணி ஒன்றை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தாள். ஷெர்லினும் மற்றவர்களும் வேலைக்குப் போன பிறகு நான் படியில் நின்றேன். அவள் தலையைத் தூக்காமல் பேசினாள். ஐம்பத்து மூன்று வருஷம் கழித்து நேராக என்னிடம்.

"அன்னைக்கும் இதே காலுதாம்ட்டி. இதே தரை. நீ இறங்கிப் போனதப் பாத்து பின்னாலயே வந்தேன். முந்தானைய நனைச்சுத் துடைச்சிட்டே வாரேன், கண்ணாடிக்கு இன்னும் அஞ்சாறு தடம் கெடக்கு, அதுக்குள்ள அம்மா வந்துட்டாவ."

துணியைப் பிழிந்துவிட்டு அடுத்த தடத்துக்கு நகர்ந்தாள்.

"யாரு காலுன்னு கேட்டாவ. என் காலுன்னேன். நம்புவாவளா. என் காலு தட்டைக் காலு, சப்பாத்திப் பலகை மாதிரி பதியும். மிச்சத் தடத்தப் பிடிச்சிட்டே நேரா உன்கிட்ட வந்துட்டாவ."

பச்சை ரவிக்கை, ஒற்றைக் கம்மல் எல்லாம் எனக்கு ஞாபகம் இருந்தது. முந்தானை நனைந்திருந்ததும் ஞாபகம் இருக்கிறது. இத்தனை வருஷமும் இருந்தது.

ஏன் அப்பவே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லதுக்கு நீ நின்னியா. என்னக் கண்டா தெருவ மாத்திப் போவ. என்னையும் மறுநாள் வர வேண்டாம்னுட்டாவ. உப்பளத்துக்குப் போயாச்சு. அப்புறம் எங்க பேச."

செப்டம்பர் 10, செவ்வாய்

காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. இசக்கி வந்து, முன்பாட்டு இல்லாமல் கட்டை தூங்குகிறது, கிழக்குப் பக்கம் பூக்க ஆரம்பித்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனான். ஷெர்லின் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் உள்ளே இருக்கிறது, வெளியே தெரியாது என்றேன்.

தெற்கே மேகம் தெரிகிறது.

செப்டம்பர் 11, புதன்

காலையில் சந்தனமாரி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் தூக்குச்சட்டி. உள்ளே வா என்று சொல்ல வாய் வரவில்லை. அவளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எந்திரி. இன்னைக்கு நீ வரலன்னா நேரா உன் பேத்திட்ட போயி யாரு காலுன்னு சொல்லிருவேன்."

நான் அவளைப் பார்த்தேன்.

"அம்பத்து மூணு வருசமா காட்டிக் கொடுத்தவன்னு பேரு வாங்கியாச்சு. ஒரு தடவையாவது காட்டிக் கொடுத்துட்டுச் சாகேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்தால் பரவாயில்லை, கூடவே மற்றதும் வந்துவிட்டது. வெங்காயம் என்று சொல்ல வீட்டில் வெங்காயம் கூட இல்லை. அவள் தூக்குச்சட்டியைத் திறந்தாள். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். அதில் கருப்பட்டி வாசனை. எறும்பு கொண்டுபோன கருப்பட்டி எங்கே போனது என்று தெரிந்துவிட்டது. இரண்டு பேரும் அதிலேயே சாப்பிட்டோம்.

போய்த் தட்டினோம். அப்படி ஒரு தட்டு. பூத்த இடத்தைக் கொத்தி எடுத்துப் புதுக் கலவை போட்டு, மற்ற தளத்தோடு சேர்த்துத் தட்டினோம். ஒரே நாளில் இசக்கியின் கல்யாணம், சிலிண்டர், எதிர்வீட்டுத் தாத்தாவின் நாற்காலி, ஷெர்லினின் கயிறு எல்லாவற்றையும் பாடித் தீர்த்தோம். மேகம் வந்து பார்த்துவிட்டு அப்படியே கடலுக்குள் போய்விட்டது.

செப்டம்பர் 14, சனி

இன்றைக்கு நாலு மணிக்குச் சத்தம் மாறியது. இதுவரைக்கும் கட்டை விழுந்தால் டப் டப் என்று விழும். இன்றைக்கு டங் என்று கட்டை தானாக எகிறித் திரும்பக் கைக்கு வருகிறது. வெண்கலப் பானையைத் தட்டுகிற மாதிரி. அதுதான் இறுகினதற்கு அடையாளம். ஷெர்லின் தெரியாமல், இன்னும் எத்தனை நாள் ஆச்சி என்று கேட்கிறாள். சந்தனமாரியும் நானும் ஒரே நேரத்தில் கட்டையைக் கீழே வைத்தோம். அதுதான் பதில்.

ஷெர்லின் எங்கள் இரண்டு பேரையும் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். தள்ளாடி மூன்று பேரும் கடுக்காய் டிரம்மில் போய் மோதினோம். என் நீலச் சேலை போச்சு. துவைத்தாலும் கறை போகாது. போகட்டும்.

செப்டம்பர் 30, திங்கள்

தளத்து மேலே சதுரத் தட்டு ஓடுகள் பதித்தாயிற்று. வளைவு சரியாகிவிட்டது. முன்வாசல் செங்கலை எடுத்துவிட்டார்கள். தேக்குக் கதவுக்கு எண்ணெய் போடுகிறார்கள். இரண்டு ஆள் உயரம். நான் தினமும் வெளியே நின்று பார்த்துவிட்டு சாரத்தில் ஏறுகிறேன். அடுத்த வாரம் சாரத்தைப் பிரித்துவிடுவார்களாம். அதற்கப்புறம் திறப்பு நாள் வரைக்கும் தெருவில்தான் நிற்க வேண்டும். நிற்பேன்.

அக்டோபர் 17, வியாழன்

மழை. காலை ஆறு மணிக்குப் பிடித்தது. ரோட்டில் முட்டளவு தண்ணீர். ஷெர்லின் கூடத்துக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பதாக சந்தனமாரி போன் செய்தாள். டிரஸ்ட்காரர்கள் இரண்டு பேர் கார் எடுத்துக்கொண்டு பார்க்க வந்துவிட்டார்கள். நான் எதிர்வீட்டில் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து சன்னல் வழியாக பங்களாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். போனைக் காதில் இருந்து எடுக்கவில்லை.

பத்து மணிக்குச் சந்தனமாரி பேச்சை நிறுத்திவிட்டாள். என்னட்டி என்றேன். கூடத்து நடுவில் ஈரம் என்றாள். டிரஸ்ட்காரர் குனிந்து விரலால் தொட்டு மோந்து பார்க்கிறாராம். அப்புறம் ஒரே சிரிப்புச் சத்தம். இசக்கி டீயைக் கொட்டியிருக்கிறான். ஏலக்காய் டீ.

மத்தியானம் வரைக்கும் பெய்தது. ஒரு சொட்டு இறங்கவில்லை. டிரஸ்ட்காரர், அடுத்தது எங்கள் பழைய பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது, வந்து பாரம்மா என்று ஷெர்லினிடம் சொன்னாராம். போனிலேயே நான் இரண்டு அடி பாடினேன். சந்தனமாரி அந்தப் பக்கம் வாங்கினாள். தாத்தா நாற்காலிக் கையில் தாளம் போட்டார்.

நவம்பர் 1, வெள்ளி

இன்றைக்குத் திறப்பு. பட்டுச்சேலை கட்டினேன், மகன் கல்யாணத்துக்கு எடுத்தது. டிரஸ்ட்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், முப்பத்தாறு பிள்ளைகள், பெட்டி, வாளி, தலையணை, ஒரே திருவிழா. ஷெர்லின் எல்லாரையும் நிறுத்திவிட்டு, முதலில் எங்கள் ஆச்சி போகட்டும் என்றாள். ரிப்பனை வெட்டினேன். கதவைத் தள்ளினேன்.

நகரவில்லை. மழையில் தேக்கு ஊதிவிட்டது. இசக்கி தள்ளினான், டிரைவர் தள்ளினார், நாலு நர்ஸ் பிள்ளைகள் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். அசையவில்லை. வெளியிலிருந்து தள்ளினால் ஆகாது, உள்ளே இருந்து யாராவது இழுக்கணும் என்று இசக்கி சொன்னான். எல்லாரும் இங்கே நிற்கிறோம், உள்ளே யார் இருக்கிறார்கள்.

உள்ளே இருந்து ஏலோ ஏலோ என்று ஒரு குரல். நான் இந்தப் பக்கம் எடுத்தேன், அவள் அந்தப் பக்கம் வாங்கினாள். மூன்றாவது தட்டுக்குக் கதவு விட்டது. சந்தனமாரி கரண்டியோடு நிற்கிறாள். விடுதிச் சமையலுக்கு அவளைத்தான் போட்டிருக்கிறார்கள் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். காலையிலேயே அடுக்களை வாசல் வழியாக வந்து உலை வைத்துவிட்டாள்.

"வாங்க பங்களா அம்மா," என்றாள்.

கூட்டம் பார்க்கிறதே என்று நான் நிமிர்ந்துதான் நடந்தேன். நேராகக் கண்ணாடிக்குப் போனேன். அதற்குள் முப்பத்தாறு பிள்ளைகளும் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து முன்னால் நின்றுகொண்டு தலை சீவுகிறார்கள். ஒருத்தி முழங்கைக்கும் ஒருத்தி பின்னலுக்கும் நடுவில் என் மூக்குத்தி மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. போதும். பிள்ளைகள் பார்க்கட்டும்.

சாயங்காலம் சந்தனமாரியிடம், உன்னை மன்னித்துவிட்டேன் என்று சொன்னேன். எதுக்குட்டி என்றாள். கம்மலைத் தொலைத்ததற்கு என்றேன்.

நவம்பர் 6, புதன்

இன்றைக்கு அடுக்களை வாசல் வழியாகத்தான் போனேன். எங்கள் தெருவிலிருந்து அதுதான் கிட்டம். வாசலில் ஈரச்சாக்கு விரித்துப் போட்டிருந்தாள், கால் துடைக்க.